ஈரி என்ற சொல்லும் பதினாலாம் இலக்க அறையும்

கால்வாய்க் கரையால் நடந்துகொண்டிருந்தேன். காற்சட்டையின் வலது பையில் ஒரு திறப்புக்கொத்து; இந்தியத் தமிழில் சொன்னால் சாவிக்கொத்து. இருபத்திரண்டு திறப்புகள். ஒவ்வோர் அடிக்கும் தொடையில் இடித்தது. அது என்னுடையதல்ல.

திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே நாலு தடவை திரும்பிப் பார்த்துவிட்டேன். யாரும் துரத்தி வரவில்லை. வயதான ஒரு தம்பதி சைக்கிளில் மணியடித்துக்கொண்டு வந்தார்கள். அந்த மணிக்கு நான் புல்லுக்குள் பாய்ந்தேன். கிழவர் கையை உயர்த்தி மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார். தண்ணீரில் மணல் ஏற்றிய படகொன்று மெதுவாக எதிரே வந்தது. நேரம் பதினொன்றரை இருக்கும். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே வேலையிடத்தை விட்டு வந்துகொண்டிருந்தேன்.

இந்தத் தொடரை வாசிக்கிறவர்களுக்கு இது புதிதாக இருக்காது. பாரிஸில் ஒரு சமையலறை, சூரிச்சில் ஒரு சலவைக்கூடம், கெல்சென்கிர்ச்சனில் ஒரு பேக்கரி என்று நான் சொல்லாமல் விட்டுவந்த இடங்களைப் பற்றி ஏற்கெனவே எழுதியிருக்கிறேன். ஆனால் அவை ஒன்றிலிருந்தும் நான் திறப்பைக் கொண்டுவந்ததில்லை. இந்த முறை போனதோடு முடியாது. திரும்பவும் அந்த வாசலுக்குப் போக வேண்டும், அல்லது கள்ளன் என்ற பெயரை எடுக்க வேண்டும்.

தூரத்தில், ஜேர்மனியில் எங்கள் ஈழத்துச் சனம் கட்டிய ஊன்ட்றொப் அம்மன் கோயில் கோபுரம் தெரிந்தது. கோடையில் தேர் இழுக்கும்போது கால்வைக்க இடமில்லாத அந்த வீதியில் அன்று ஒரு லொறியும் இரண்டு புறாவும்தான் நின்றன. உள்ளே போய்ச் சிறிது நேரம் இருக்கலாம் என்று தோன்றியது. பிறகு பையைத் தொட்டுப் பார்த்தேன். பிறத்தியாரின் திறப்போடு அம்மாளிடம் போய் நிற்கக் கூச்சமாக இருந்தது. வெளியில் நின்றே கும்பிட்டுவிட்டு நடந்தேன்.

குணம் அண்ணையின் வாக்கு

அந்த வேலையை எடுத்துத் தந்தவர் குணம் அண்ணை. எனக்கு ஐந்து வயது மூத்தவர். நான் ஜேர்மனிக்கு வந்த முதல் வருடம் ஓர் அகதி விடுதியில் அவரும் நானும் ஒரே அறையில் இருந்தோம். அந்த மாதிரி விடுதியை எங்கள் சனம் ஹைம் என்று சொல்லும். காலம் சுற்றி வந்து, இப்போது அவர் வேறொரு ஹைமில் ஹவுஸ்மைஸ்டராக இருக்கிறார். பூட்டு, குழாய், விளக்கு, வெப்பமூட்டி எது பழுதானாலும் அவர்தான். முன்பு படைமுகாமாக இருந்த கட்டடம் அது. கால்வாயிலிருந்து பத்து நிமிட நடை. உதவிக்கு ஓர் ஆள் தேவை என்று பொறுப்பாளரான பெண்மணி கேட்டபோது என் பெயரைச் சொல்லியிருக்கிறார்.

ஒரு நாள் வேலை செய்து காட்ட வேண்டும். பிடித்தால் மறுநாள் ஒப்பந்தம்.

அந்த ஒப்பந்தம் எனக்கு எவ்வளவு தேவை என்பதைச் சொல்லிவிடுகிறேன். முப்பது வருடத்துக்கு மேல் ஐரோப்பாவில் இருந்தும் என் விசா ஆறு மாதம், மூன்று மாதம் என்றுதான் நீண்டுகொண்டிருந்தது. நாடு விட்டு நாடு அலைந்து, கையிலிருந்த பத்திரங்களைக் காலாவதியாக விட்டவனுக்கு வேறெப்படி நடக்கும்? அடுத்த செவ்வாய்க்கிழமை வெளிநாட்டவர் அலுவலகத்தில் டெர்மின், அதாவது நேரம் குறித்த சந்திப்பு. போனமுறை மேசைக்கு அப்பால் இருந்த பெண் கோபமில்லாமல்தான் சொன்னாள்: இந்த முறை வேலை ஒப்பந்தம் இல்லாமல் வந்தால், நீடிப்பதற்கு என்னிடம் காரணம் ஒன்றும் இருக்காது.

குணம் அண்ணைக்கு இது தெரியும். என்னைப் பற்றியும் தெரியும். எங்கள் ஆட்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. புது வீட்டில் காய்ச்சல் வந்தாலும், கடையில் வியாபாரம் படுத்தாலும், இடம் சரியில்லை என்போம். யாரையும் நோகாமல் மூட்டை கட்ட அது நல்ல வசனம். பாரிஸிலும் சூரிச்சிலும் பேக்கரியிலும் நான் அதைத்தான் சொன்னேன்.

"தவம், இதுதான் கடைசி," என்றார் அண்ணை, முதல்நாள் போனில். "இந்த முறையும் இடம் சரியில்லை எண்டு சொல்லிப்போட்டு ஓடினியெண்டால், நான் செத்த வீட்டுக்கும் நீ வரக்கூடாது."

ஓம் அண்ணை என்றேன்.

தட்டினேன்

காலையில் அவர் தந்த வேலை சுலபமானது. இரண்டாம் மாடியில் ஒவ்வோர் அறையிலும் கூரையில் ஒரு வெள்ளை வட்டம் இருக்கும். புகை வந்தால் கத்தும் கருவி. ஏணியில் ஏறிப் பொத்தானை அழுத்த வேண்டும். கத்தினால் பட்டியலில் சரி போட வேண்டும். கத்தாவிட்டால் பற்றரி மாற்ற வேண்டும். ஆள் இல்லாத அறையென்றால் திறந்து உள்ளே போகலாம், முன்னறிவித்தல் ஒட்டியிருக்கிறது என்று சொல்லித் திறப்புக்கொத்தைத் தந்துவிட்டு அவர் நிலவறைக்குப் போனார்.

மாடிக்கு ஏறியதும் ஏணியைக் கீழே வைத்துவிட்டு நின்றேன். நான் முன்பு இருந்த ஹைம் வேறு நகரத்தில், வேறு கட்டடம். ஆனால் நிலத்தில் அதே சாம்பல் நிற றப்பர் விரிப்பு. எலுமிச்சை வாசம் கலந்த அதே கிருமிநாசினி. கதவுகளுக்கு வெளியே சப்பாத்துகள்.

வேலையைச் செய்தேன். ஒரு அறையில் சமையல் புகைக்குக் கத்தாமல் இருக்கக் கருவிக்குக் காலுறை போட்டிருந்தார்கள். கழற்றினேன். இன்னொரு அறையில் தேநீர் குடிக்கச் சொன்னார்கள். பலர் மொழி வகுப்புக்குப் போயிருந்தார்கள். எப்படித் தட்டுவது என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. கனமான திறப்புக்கொத்து கையில் இருந்தால் கை தானாகவே அதால் தட்டுகிறது. இரும்பு மரத்தில் படும் சத்தம். டக், டக், டக்.

பதினாலாம் அறைக்குள் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

தட்டினேன். மெஷின் நின்றது.

கதவுக்கும் நிலத்துக்கும் இடையில் ஒரு விரல் இடைவெளி. அதில் வெளிச்சம் விழுந்தது. வெளிச்சத்துக்குள் இரண்டு கால்களின் நிழல் வந்து நின்றது. மறுபடி தட்டினேன். நிழல் பின்னுக்குப் போனது. யாரோ ஒரு கதிரையை, சத்தம் வராமல் இருக்கத் தூக்கி, நகர்த்தினார்கள். அதன் பிறகு ஒன்றுமில்லை.

ஆள் இல்லாவிட்டால்தான் திறக்கலாம். ஆள் இருந்தது. அது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே திறப்பைத் துவாரத்தில் வைத்தேன். உள்ளே ஒருவர் மூச்சை இழுத்துப் பிடிக்கும் சத்தம் கேட்டது.

அந்தச் சத்தம் எனக்குத் தெரிந்த சத்தம். ஆனால் அதை நான் வெளியில் நின்று கேட்டதில்லை.

திறப்பை உருவினேன். ஏணியைச் சுவரில் சாத்தினேன். அவசர வழிப் படிக்கட்டால் இறங்கினேன். கால்வாய் வரும்வரை நடந்தது நினைவில்லை.

அலுமாரிக்குப் பின்னால்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றவன் நான். எதையும் வரிசையாகச் சொல்ல வராது. ஆனாலும் முதல் ஹைமில் நடந்ததைச் சொல்லாமல் மேலே போக ஏலாது.

ஓர் அறையில் நாலு பேர். குணம் அண்ணை, நான், சிவம், இன்னொருவர். சிவத்துக்கு விண்ணப்பம் மறுக்கப்பட்டிருந்தது. ஒருநாள் விடியும் நேரம் கதவு தட்டப்பட்டது. தட்டியவர்கள் கையில் ஏதோ இரும்பு இருந்தது. நான் எழும்பி அலுமாரிக்குப் பின்னால் போய் நின்றேன். என் விண்ணப்பத்துக்கு இன்னும் பதிலே வரவில்லை, என்னைப் பிடிக்க ஒரு காரணமும் இல்லை. இருந்தும் நின்றேன். வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு மூச்சை இழுத்துப் பிடித்தேன். கையில் முதல்நாள் உரித்த வெங்காயம் மணத்தது.

அவர்கள் மரியாதையாகத்தான் நடந்தார்கள். சிவத்துக்குப் பை கட்ட நேரம் கொடுத்தார்கள். அவன் தன் போர்வையை மடித்துக் கட்டிலில் வைத்துவிட்டுப் போனான். அவன் பிறகு நல்லபடியாகக் கனடாவில் இருக்கிறான், போனில் கதைத்திருக்கிறேன். அலுமாரிக்குப் பின்னால் நின்றவன்தான் இன்னும் வெளியில் வரவில்லை.

மொய்ராவின் மேசை

கோயில் தாண்டி இருபது நிமிடம் நடந்தால் மொய்ராவின் வீடு. புதன்கிழமைகளில் அவவின் வேலி வெட்டுவதும் கூரைப்பீலியில் அடைத்த இலை அள்ளுவதும் என் வேலை. அன்று புதன்கிழமை அல்ல. எனக்குத் தண்ணீர் குடிக்க வேண்டியிருந்தது. வேறு தெரிந்த வாசல் அந்தப் பக்கத்தில் இல்லை.

மொய்ரா ஸ்கொட்லாந்துக்காரி. என்னைவிட இரண்டு மூன்று வயது கூட. இங்கே இருந்த பிரித்தானியப் படையினரின் பிள்ளைகளுக்குப் படிப்பிக்க வந்தவ. படை போய்விட்டது, அவ போகவில்லை. தன் நாட்டுப் பழைய கதைகளை டொச், அதாவது ஜேர்மன் மொழிக்கு மாற்றி, சிறியதொரு பதிப்பகத்துக்குக் கொடுக்கிறா. எங்கள் இருவரின் டொச்சும் பிழையான டொச்தான். அவவுடையது கரகரக்கும், என்னுடையது இழுக்கும். அவ சொன்னதை எனக்குத் தெரிந்த தமிழில் போடுகிறேன்.

கதவைத் திறந்ததும் என் முகத்தைப் பார்த்தா.

"உங்கடை பிரச்சினையைப் பிறகு சொல்லுங்கோ, ஹெர் தவம்," என்றா. "முதல் என்ரை பிரச்சினை. நாளைக்கு இதை அனுப்ப வேணும். ஒரு சொல்லிலை நாலு நாளாய் நிக்கிறன்."

மேசை முழுக்க அகராதிகள். மூன்று தேநீர்க் கோப்பைகள், மூன்றிலும் ஆறிப்போன தேநீர். அந்தச் சொல், ஈரி (eerie).

இன்றைக்கு ஆங்கிலம் படித்த எல்லோருக்கும் அது தெரிந்த சொல்தானாம். ஆளில்லாத வீடு, மூடுபனிக்குள் தெரியும் கல்லறை, காற்றில்லாமல் ஆடும் கதவு, இப்படியானவற்றுக்குப் போடுவார்கள். ஆனால் அந்தச் சொல் பிறந்தது ஸ்கொட்லாந்திலும் அதை ஒட்டிய வடக்கு எல்லையிலும். அங்கே மிகப் பழைய எழுத்தில் அது இடத்தைச் சொல்லவில்லை, ஆளைச் சொன்னது. பயந்திருக்கிற ஆள் ஈரி. நாய் துரத்தி ஓடுகிறவனுக்கு அந்தச் சொல்லைப் போட மாட்டார்கள். துரத்த ஒன்றுமே இல்லாமல், தனி வழியில், முதுகுப் பக்கம் குளிர்கிறதே, அவனுக்குத்தான் போடுவார்கள்.

பிறகு கதைப்பாடல்களின் காலத்தில் சொல் ஆளிலிருந்து கழலத் தொடங்கியதாம். ஒரு பாட்டில் வழியில் போகும் பெண் ஈரி. இன்னொரு பாட்டில் அவள் போகும் வழியே ஈரி. அது தெற்கே ஆங்கிலத்துக்குள் குடியேறியபோது ஆள் முழுதாக விழுந்துபோனாள். வீடும் நிலவும் ஆந்தையும் மிஞ்சின. பயப்பட்டவரைக் குறித்த சொல், பயப்படுத்துகிறதைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது.

எல்லை தாண்டினால் எல்லோருக்கும் பத்திரத்தில் ஏதாவது மாற்றி எழுதிவிடுவார்கள் என்றேன். மொய்ரா சிரிக்கவில்லை. பென்சிலால் தலையைச் சொறிந்தா.

எனக்கும் சிரிப்பு வரவில்லை. பாரிஸின் சமையலறையும் சூரிச்சின் சலவைக்கூடமும் சரியில்லாத இடங்களா, அல்லது அங்கே நின்ற ஆள் ஈரியா என்று ஒரு கேள்வி வந்து நெஞ்சுக்குள் குந்திக்கொண்டது. தண்ணீரைக் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

ஊசி விற்கிறவன்

அவ மொழிபெயர்த்துக்கொண்டிருந்த கதை பெரிதல்ல. பெயர் தெரியாத யாரோ எழுதி, ஒரு பெட்டிக்குள் கிடந்து அகப்பட்டது. ஊசியும் நாடாவும் விற்றுத் திரிகிற ஒருவன், மரமே இல்லாத மேட்டுநிலத்தில் நடக்கிறான். பனி இறங்குகிறது. ஒரு பண்ணை வீடு தெரிகிறது. உள்ளே ஒருத்தி தனியாக இருக்கிறாள். அவன் கதவுக்கு வெளியில் ஈரியாக நின்றான் என்று ஒரு வரி. அடுத்த வரியில், அவள் கதவுக்கு உள்ளே ஈரியாக இருந்தாள். அவன் தட்டுகிறான். அவள் திறக்கவில்லை. அவன் காலடி தூரப் போவதை அவள் கேட்டுக்கொண்டிருப்பதோடு கதை முடிகிறது.

இரண்டு பேருக்கும் ஒரே சொல் வர வேண்டும் என்பதுதான் மொய்ராவின் வில்லங்கம். டொச்சில் எல்லோரும் போடுகிற பெரிய சொல்லைப் போட்டால், அவன் அவளைக் கொல்ல வந்தவன் என்று வாசகர் நினைப்பார். பயந்தாங்கொள்ளிக்குப் போடுகிற சொல்லைப் போட்டால் முயல்குட்டி மாதிரி ஆகிவிடும். பழைய சின்னச் சொல் ஒன்று இருக்கிறது, பாங்கெ. மனம் கலங்கி ஒடுங்கியிருப்பதற்குக் கிராமத்தில் சொல்வது. அதைப் போட்டால் பதிப்பாசிரியர் வெட்டிவிடுவாரோ என்று அவவுக்குப் பயம்.

எனக்கு அந்தச் சொற்களின் எடை தெரியாது. கதையில்தான் ஒரு பிழை இருப்பதாகப் பட்டது.

"அவன் ஏன் கூப்பிடேல்லை?" என்று கேட்டேன்.

"என்ன?"

"தட்டினவன். ஏன் தட்டினவன்? தூரத்திலை நிண்டு கூப்பிட்டிருக்கலாமே."

மொய்ரா பென்சிலை வைத்தா. நான் சொல்லிக்கொண்டே போனேன். எங்கள் ஊரில் ஒருவர் வீட்டுக்குப் போனால் கதவு தட்டுவதில்லை. வீட்டைச் சுற்றி வேலி, வேலியில் படலை. படலைக்கு வெளியில் நின்று கூப்பிடுவோம். வீட்டுக்காரர்! அக்கா, நிக்கிறியளோ? உள்ளேயிருந்து, ஆரது என்று குரல் வரும். பெயரைச் சொல்லுவோம். நாய் குரைக்கும். அதற்குப் பிறகுதான் படலை திறக்கும். மீன் கொண்டுவருகிறவர் ஒழுங்கை முடக்கிலேயே குரல் கொடுப்பார், அவர் வாசலுக்கு வரும்போது சட்டி தயாராக இருக்கும். வீட்டுக் கதவு வரைக்கும் வந்து, குரல் கொடுக்காமல் தட்டினது படைக்காரர் மட்டும்தான்.

அதைச் சொல்லி முடித்தபோதே எனக்கு இன்னொன்று நினைவு வந்தது.

சிவத்தைக் கொண்டுபோன பிறகு எங்கள் ஹைமில் நாங்கள் ஒரு முடிவெடுத்தோம். எங்கள் ஆட்கள் ஒருவர் அறையை ஒருவர் தட்டக் கூடாது. கொரிடோரில் வரும்போதே குரல் கொடுத்துக்கொண்டு வர வேண்டும். அண்ணை, நான் தவம், உப்புக் கேட்க வாறன். ஜேர்மன் காவலாளி எங்களைச் சத்தம் போடுகிற சனம் என்று பேசினார். நாங்கள் விடவில்லை. குரல் வராமல் தட்டுக் கேட்டால், அது வெளியாள் என்று எல்லோருக்கும் தெரியும்.

அந்த முடிவை முதலில் சொன்னவன் நான்தான். அன்று காலை பதினாலாம் அறையை இரும்பால் தட்டியவனும் நான்.

மொய்ராவுக்குச் சொன்னேன். தையல் மெஷின், நிழல், கதிரை, திறப்புத் துவாரம், எல்லாவற்றையும். திறப்புக்கொத்தை எடுத்து அகராதிக்கு மேல் வைத்தேன். அவ அதைக் கையில் எடுத்து நிறுத்துப் பார்த்தா. பிறகு மேசை விளிம்பில் மூன்று தரம் தட்டினா. டக், டக், டக். சமையலறையில் படுத்திருந்த அவவின் நாய் எழும்பி மேசைக்கு அடியில் புகுந்தது.

"இதாலையோ தட்டினீங்கள்?"

"ஓம்."

"கொண்டுபோய்க் குடுங்கோ. நீங்கள் வேலைக்கு நில்லுங்கோ, நிக்காதேங்கோ, அது உங்கடை விருப்பம். ஆனால் நீங்கள் போகாட்டில் நாளைக்கு வேறையொருத்தன் இதே இரும்பாலை தட்டுவான். அவனுக்குப் படலை தெரியாது."

நான் திறப்புக்கொத்தை வாங்கித் திரும்பப் பையில் போட்டேன். அவ குனிந்து நாயைத் தேடினா. அந்த மேட்டில் அடிக்கிற காற்றில் ஊசிக்காரன் கூப்பிட்டாலும் கேட்டிருக்காது என்று மேசைக்கு அடியிலிருந்தே சொன்னா. தன் நாட்டுக் கதையை விட்டுக்கொடுக்க மனமில்லை அவவுக்கு.

பிறகு அந்தப் புத்தகம் வந்தபோது எனக்கொரு பிரதி தந்தா. என் டொச் வாசிப்பு மெதுவானது. அந்தப் பக்கத்தை மட்டும் தேடிப் பார்த்தேன். இரண்டு வரியிலும் பாங்கெ என்று இருந்தது. வெட்டவில்லை.

ஏழு அழைப்புகள்

போனை அணைத்து வைத்திருந்தேன். மொய்ராவின் வீட்டுப் படியில் இருந்துகொண்டு போட்டேன். குணம் அண்ணையிடமிருந்து ஏழு அழைப்புகள். எடுப்பதற்கு முன் மூன்று தரம் பையைத் தொட்டேன். திறப்பு இருந்தது.

அவர் பேசிய பேச்சில் பாதியை எழுத ஏலாது. ஏணி கொரிடோரில் நின்றதாம். பட்டியல் நிலத்தில் கிடந்ததாம். பொறுப்பாளர் கேட்டதற்கு, தவத்துக்குப் பல்லுக்குத்து, டொக்டரிடம் ஓடிவிட்டான் என்று சொல்லிச் சமாளித்திருக்கிறார். திறப்புக் காணவில்லை என்பதை மட்டும் சொல்லவில்லை. சொன்னால் இருபத்திரண்டு பூட்டும் மாற்ற வேண்டும், அவர் வேலையும் போகும்.

நான் போன இடமெல்லாம் என்னை மட்டும்தான் கெடுத்தேன் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

"இடம் சரியில்லையோ?" என்று கேட்டார் அண்ணை. அந்தக் குரலில் நக்கல் இருந்தது. நக்கலுக்குக் கீழே வேறொன்றும் இருந்தது. அவரும் அந்த முதல் ஹைமில் இருந்தவர்தானே.

"இடத்திலை பிழையில்லை அண்ணை. நான் பதினாலைத் திறப்பாலை தட்டிப்போட்டன்."

அந்தப் பக்கம் ஒரு கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"விடிய ஏழுக்கு நில்," என்றார் கடைசியில். "பல்லு சுகமாயிட்டுது எண்டு நான் சொல்லுறன்."

மறுநாள் காலை

ஆறரைக்கே போய் வாசலில் நின்றேன். அதே எலுமிச்சை வாசம், அதே றப்பர் விரிப்பு. ஒரு சொல்லைத் தெரிந்துகொண்டதால் பயம் போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது போகவில்லை. எங்கே இருக்கிறது என்று மட்டும் தெரிந்தது.

அண்ணை திறப்புக்கொத்தை வாங்கி எண்ணிப் பார்த்தார். இருபத்திரண்டும் இருந்தன. மறுபடி என் கையில் வைத்தார். அதை நான் காற்சட்டைப் பையின் ஆழத்தில் போட்டுக் கைக்குட்டையால் அமுக்கினேன். ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு எட்டு மணிபோல மாடிக்கு ஏறினேன்.

கொரிடோரின் தொங்கலில், அந்தக் கடைசி முனையில், நின்று குரல் கொடுத்தேன். காலை வணக்கம், நான் தவம், ஹவுஸ்மைஸ்டரின் ஆள், புகைக்கருவி பார்க்க வந்திருக்கிறேன் என்று டொச்சில் ஒரு தரம். இரண்டாம் தரம் கொஞ்சம் உரத்து. மூன்றாம் தரம் வாய் தன்பாட்டில் பழைய இடத்துக்குப் போய்விட்டது.

"வீட்டுக்காரர்!"

மாடிப்படிக்குக் கீழேயிருந்து குணம் அண்ணையின் குரல் வந்தது. "என்னடா தவம், மீன் விக்கிறியோ?"

இரண்டு மூன்று கதவுகள் திறந்தன. என்ன மொழி இது என்று பார்க்க ஆட்கள் தலையை நீட்டினார்கள். நேற்றுத் தேநீர் தந்தவர் கையசைத்தார்.

பதினாலு திறக்கவில்லை. மெஷின் ஓடவில்லை. நான் கதவுக்குக் கிட்டப் போகாமல் நாலடி தள்ளி நின்றேன். ஏணியைக் கதவிடுக்கால் தெரிகிற மாதிரி நிமிர்த்தி வைத்தேன். பெயரைச் சொன்னேன். என்ன வேலை என்று சொன்னேன். நேற்றுத் தட்டியது நான்தான், மன்னியுங்கள் என்றும் சொன்னேன். இடைவெளியில் நிழல் வந்தது. நின்றது. நான் சும்மா நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

கதவு ஒரு சாண் திறந்தது. நாற்பது வயது மதிக்கத்தக்க பெண். கழுத்தில் அளவுநாடா, உதட்டு நுனியில் நூல் கோத்த ஊசி. ஊசியை எடுத்துவிட்டு ஒரே ஒரு சொல் கேட்டா.

"பொலிற்சாய்?"

பொலிஸா என்று கேட்கிறா.

"நைன்," என்றேன். இல்லை. கையிலிருந்ததைக் காட்டினேன். "பற்றரி."

அவ பற்றரியைப் பார்த்தா, ஏணியைப் பார்த்தா, என் சப்பாத்தைப் பார்த்தா. நான் சப்பாத்தைக் கழற்றி வெளியில் வைத்தேன். கதவு முழுதாகத் திறந்தது.

உள்ளே அரைவாசி தைத்த திரைச்சீலை மெஷினில் தொங்கியது. அலுமாரி சுவரிலிருந்து ஓர் ஆள் நிற்கிற அளவுக்குத் தள்ளி வைக்கப்பட்டிருந்தது. அதை நான் பார்க்காத மாதிரி ஏணியில் ஏறினேன். பொத்தானை அழுத்தினேன். அது கத்திய கத்தலுக்கு ஏணியில் நின்ற நான் துள்ளினேன், கீழே நின்ற அவவும் துள்ளினா. ஊசி கையிலிருந்து விழுந்துவிட்டது. இரண்டு பேரும் முழங்காலில் நின்று றப்பர் விரிப்பைத் தடவித் தேடினோம். கண்டுபிடித்தது அவதான். எனக்கு நேரே தூக்கிப் பிடித்துக் காட்டினா.

ஒப்பந்தம் பத்து மணிக்குக் கையெழுத்தானது. செவ்வாய்க்கிழமை அதைத்தான் கொண்டுபோனேன். ஆனால் நான் அந்த வேலையை எடுத்தது பத்து மணிக்கல்ல.

பதினைந்தாம் அறை பக்கத்திலேயே இருந்தது, கையை நீட்டினால் தொடலாம். ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு கொரிடோரின் தொங்கலுக்குத் திரும்பிப் போனேன். அங்கே நின்று கூப்பிட்டேன்.